கடித்துப் பார்த்த வேர்

ஆடு விழுந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நோன்பு பதினெட்டு. மாலை மூன்றரை மணியாகியும் வெயில் இறங்கவில்லை. தொண்டையில் ஈரமில்லாமல் நான் குந்தியிருந்து அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன், இந்தச் சனியன் மட்டும் பின்வளவில் காலை உதறிக்கொண்டு நாடகம் ஆடுகிறது என்று நினைத்தேன். "எழும்படி" என்று தும்புத்தடியால் ஒரு தட்டுத் தட்டினேன். அது எழும்பவில்லை. வயிறு இரண்டு தரம் ஏறி இறங்கியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அதன் வாயில் நன்னாரிச் சக்கை இருந்தது. காலையில் வடித்துவிட்டு நான் கொட்டிய சக்கை.

நன்னாரி தின்று ஆடு சாகாது. பத்து வருஷமாக நோன்பு மாதத்தில் நான் நன்னாரி காய்ச்சி விற்கிறேன், பத்து வருஷமாகச் சக்கையை ஆடு தின்கிறது, தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று என் முகத்தையும் பார்க்கிறது. கையில் சாம்பலோடு அந்தச் சக்கைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

அடுப்படி மூலையில் சாக்கில் இன்னும் கொஞ்சம் வேர் மிச்சமிருந்தது. எடுத்து மணந்தேன். எல்லாம் நன்னாரி மணம்தான். ஒரு நாள் முழுக்க ஒரே சாக்கில் கிடந்தால் விறகுக்கும் அந்த மணம் பிடிக்கும். கறுத்த தோல், உள்ளே மஞ்சள் தண்டு, பார்வைக்கு எல்லாம் ஒன்று. நோன்பு முறிந்தால் முறியட்டும் என்று ஒன்றைக் கடித்தேன். இனித்தது. இன்னொன்றைக் கடித்தேன். அதுவும் இனித்தது. மூன்றாவது நாக்கில் பட்டதும் வாய் சுருங்கி, தொண்டை வரைக்கும் கைப்பு ஓடியது. துப்பினேன். துப்பத் துப்பக் கைத்தது.

பேய்க்கொடி. நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நன்னாரி படரும் பற்றைக்குள்ளேயே படரும் இன்னொரு கொடி. ஊதாப் பூப் பூக்கும், கிள்ளினால் பால் வடியும், ஆடு மாடு தின்றால் விழும். இலை இருந்தால் சின்னப் பிள்ளைகூட இரண்டையும் பிரித்துச் சொல்லும். இந்த வருஷத்து வெயிலில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் கொடிதான் கிடந்தது. இலை இல்லாவிட்டால் வேரின் நுனியைக் கடித்துத்தான் பார்க்கவேண்டும். நான் கடிக்கவில்லை. நான் நோன்பு.

பத்து வருஷமாக நான் ஒரு வேரையும் கடித்ததில்லை. எனக்காகக் கடித்தவள் யூஜீனியா.

யூஜீனியா குறிஞ்சிப்பிட்டிக்காரி. வேதக்காரப் பெண். யுத்தம் முடிந்த வருஷம் தில்லையடிக்குக் கருவாடு விற்க வந்தவள், என் வீட்டு வாசலில் கூடையை இறக்கிவைத்துத் தண்ணீர் கேட்டாள். நான் நன்னாரி கரைத்துக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இது என்னடியப்பா, எங்கட வளவுக்குப் பின்னால காடாக் கிடக்குது. நீ காசு குடுத்தா வாங்குற?" என்று கேட்டாள். முதல் நாளே 'அடி' போட்டுக் கதைத்தவள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நோன்பின் முதல் கிழமையிலும் நான் குறிஞ்சிப்பிட்டிக்குப் போவேன். நான் மண்வெட்டியால் கிண்டுவேன். அவள் ஒவ்வொரு வேராக எடுத்து நுனியைக் கடித்து, மென்று, துப்பிவிட்டுச் சாக்கில் போடுவாள். "நீ நோன்பு, என்ர வாய்க்கு என்ன நோன்பு?" என்பாள். கைத்ததைத் தூர எறிந்து, அதற்கு ஒரு கெட்ட வார்த்தையும் சொல்வாள். காய்ச்சியதில் முதல் போத்தல் அவளுக்கு. அவளுடைய தவக்காலத்தில் நான் அவள் வீட்டுக்கு இறைச்சி அனுப்பமாட்டேன், பாஸ்கு முடிந்ததும் சட்டியோடு அனுப்புவேன். எங்கள் சிநேகிதம் இவ்வளவுதான். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த வருஷம், தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறு வந்தது. நீர்கொழும்பில் அவளுடைய அக்காவின் இரண்டு பிள்ளைகள் பூசைக்குப் போயிருந்தார்கள். ஒருத்தி திரும்பி வந்தாள், ஒருவன் வரவில்லை. நான் கேள்விப்பட்ட உடனே அழைப்பு எடுத்தேன். யூஜீனியா வெட்டினாள். மறுநாளும் எடுத்தேன், வெட்டினாள். மூன்றாவது தரம் நான் எடுக்கவில்லை. குண்டு வைத்தது நானா என்று எனக்கும் ரோசம் வந்தது. அவளுக்கு வந்தது துக்கம். துக்கத்துக்கு முன்னால் ரோசம் காட்டிய புத்தியை என்னவென்று சொல்வது?

ஆகவே இந்த முறை நான் தனியே, பாலாவிக்குப் பின்னால் உள்ள பற்றைக்குள் போனேன். அபாயா போட்ட ஒரு பெண் அந்த மாதத்தில் மண்வெட்டியோடு காட்டுக்குள் குழி தோண்டினால் எப்படி இருக்கும்? இரண்டு மோட்டார் சைக்கிள்கள் ரோட்டில் நின்றன. நால்வர் என்னையே பார்த்தார்கள். ஒருவன் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தான். அகப்பட்டதைக் கிண்டி, சாக்கில் அடைத்து, அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டேன். விடியுமுன் சஹர் சாப்பிட்ட பிறகு அடுப்பு மூட்டி, சீனி போட்டுக் காய்ச்சி, சுபஹு வெளிச்சத்தில் போத்தலில் அடைத்தேன். நோன்பாளி என்பதால் பாகையும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

பத்துப் போத்தல். ஒன்பது தில்லையடிக்குள். ஒன்று, வழக்கம்போல, குறிஞ்சிப்பிட்டிக்கு. காலை ஏழு மணிக்குப் பாலாவிச் சந்தியில் மீன் லொறிக்கார றொபியின் கையில் கொடுத்து, "யூஜீனியாக்காவிட்ட குடு. ஒண்டும் சொல்லத் தேவையில்ல" என்று அனுப்பினேன். நேரே போய் மன்னிப்புக் கேட்கத் துணிச்சல் இல்லாதவள் போத்தல் அனுப்பினாள். அதுதான் உண்மை.

"சிபானா!" என்று கத்தினேன். மகள் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் என் புருஷன் ஸலாஹுதீனும் சாரத்தைக் கட்டிக்கொண்டு எழும்பி வந்தார். ஆட்டைக் காட்டினேன், வேரைக் காட்டினேன்.

"மஹ்ரிபு சொல்லி நோன்பு தொறக்க இன்னும் ரெண்டரை மணித்தியாலம் இருக்கு" என்றார் ஸலாஹுதீன். "அதுக்குள்ள ஒருத்தரும் வாயில வைக்கமாட்டாங்க."

அல்லாஹ் எங்கள் ஒன்பது வீட்டையும் காப்பாற்ற நோன்பையே வேலியாகப் போட்டிருந்தான். ஒன்பது மேசைகளில் ஒன்பது போத்தல் மூடி திறக்காமல் இருக்கும். பாங்கு சொல்லும் வரைக்கும் இருக்கும். ஆனால் குறிஞ்சிப்பிட்டியில் யாருக்கு நோன்பு?

சிபானா பள்ளிவாசலுக்கு ஓடினாள். பாங்கு சொல்லும் மோதினார் மஹ்ரூப் நானா ஒலிபெருக்கியில் சொன்னது எங்கள் வீட்டு வாசலுக்குக் கேட்டது: ரம்ஸியா வீட்டில் நன்னாரி வாங்கியவர்கள் ஒரு சொட்டும் குடிக்கவேண்டாம், போத்தலைத் திருப்பிக் கொடுங்கள். என் பேர் அப்படி ஊர் முழுக்கப் போனது. போகட்டும். ஸலாஹுதீனின் ஓட்டோ பள்ளியைத் தாண்டும்போது மோதினார் வாசலுக்கு வந்து எங்களை மறித்தார். விஷயத்தைச் சொன்னேன், நோன்பென்பதால் கடித்துப் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். மனிதர் தலையில் கை வைத்தார்.

"நாக்குல வெச்சுப் பாத்துட்டுத் துப்பினா நோன்பு முறியாது புள்ள. விழுங்கினாத்தான் முறியும். இது தெரியாதா உனக்கு?"

தெரியாது. நாற்பத்தாறு வருஷம் முஸ்லிமாக வாழ்ந்து, முப்பத்தைந்து வருஷம் நோன்பு பிடித்து, இது எனக்குத் தெரியாது. எனக்காகக் கடிக்க ஒருத்தி இருந்தாள், அதனால் கேட்கவில்லை.

ஓட்டோ பாலாவிச் சந்தியில் கற்பிட்டி ரோட்டுக்குத் திரும்பும் வரை யூஜீனியாவுக்கு ஆறு தரம் எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. வெட்டவும் இல்லை, எடுக்கவும் இல்லை. வெட்டினாலாவது ஆள் இருக்கிறாள் என்று தெரியும். ஸலாஹுதீனின் ஃபோனில் எடுத்தேன். அதுவும் அப்படித்தான். பிறகுதான் எனக்கு றொபியின் நினைவு வந்தது.

"றொபி, அந்தப் போத்தல குடுத்திட்டியா?"

"ஓம் ராத்தா. பத்து மணி போலக் குடுத்திட்டன்."

"குடிச்சாளா?"

அவன் கொஞ்சம் இழுத்தான். "அது பெரிய கதை ராத்தா. நான் வாடியடியில வெச்சுத்தான் குடுத்தன். பொம்பளையள் எல்லாம் மீன் கழுவிக்கொண்டு நிண்டாங்க. அக்காட மச்சாள், சாள்ஸண்ணன்ட தங்கச்சி டொறத்தி இருக்கிறா எல்லோ, அவ சொன்னா, குடிக்காத, அவங்கட சாமானுக்குள்ள என்ன போட்டிருக்கோ தெரியாது, இப்ப எல்லாத்துலயும் மருந்து போடுறாங்களாம் எண்டு. எல்லாரும் பிடிச்சுக்கொண்டாங்க. கடல்ல ஊத்து எண்டாங்க. யூஜீனியாக்கா உள்ளுக்க போய்க் கிளாஸ் எடுத்து வந்து, கரைச்சு, எல்லாருக்கும் முன்னால நிண்ட நிலையில குடிச்சா. ஒரு கிளாஸ் குடிச்சிட்டு, டொறத்தியப் பாத்துக்கொண்டே இன்னொண்டும் கரைச்சுக் குடிச்சா. 'இப்ப சரியா?' எண்டு கேட்டா. எனக்கு நல்ல சந்தோசம் ராத்தா."

ஃபோன் என் மடியில் விழுந்தது. நான் அழுதேன் என்று சொல்லமாட்டேன். அழுவதற்கு மூச்சு வேண்டும். ஒரு மாதத்துக்கு மேலாக என் அழைப்பை எடுக்காதவள், எடுக்காமலே எனக்காக ஊரோடு சண்டை பிடித்திருக்கிறாள். நஞ்சு இல்லை என்று காட்ட நஞ்சைக் குடித்திருக்கிறாள். நான் கொடுத்த நஞ்சை.

"வேகமாப் போங்க" என்றேன். ஸலாஹுதீன் போய்க்கொண்டுதான் இருந்தார். ஓட்டோ அதற்கு மேல் போகாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த மனிதர் ஒரு தரமும் எரிந்து விழவில்லை.

வழியில் சோதனைச் சாவடி. வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு வேன், ஒரு உப்பு லொறி. இறங்கச் சொன்னார்கள். ஆசனத்தைத் தூக்கிப் பார்த்தார்கள், அடையாள அட்டையைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், மறுபடி அட்டையைப் பார்த்தார்கள். அவசரம் என்றேன். என்ன அவசரம் என்று கேட்டான் அந்தச் சிப்பாய். வயது இருபத்திரண்டு இருக்கும், அவனுக்கும் வேர்த்துக்கொண்டிருந்தது. என் வாய் திறந்தது. ஸலாஹுதீன் என் கையைப் பிடித்து அழுத்தினார். "சிநேகிதிக்குச் சுகமில்ல மாத்தயா, பாக்கப் போறம்" என்றார். நஞ்சு என்ற சொல்லை அந்த இடத்தில் சொன்னால் அன்றைக்குக் குறிஞ்சிப்பிட்டிக்குப் போய்ச் சேரமாட்டோம். இருபது நிமிஷம் போனது. இருபது நிமிஷமும் நான் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

யூஜீனியாவின் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வேலிக்கு மேலால் ஒரு பெண் எட்டிப் பார்த்து, வெடுக்கென்று, "ஆசுப்பத்திரியில. பகல் முழுக்கச் சத்தி எடுத்தவ" என்றாள். பிறகு என் அபாயாவைப் பார்த்துவிட்டு முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அது சின்ன ஆஸ்பத்திரி. வராந்தாவில் குறிஞ்சிப்பிட்டியே நின்றது. மீன் வாசனையோடு, ஈரப் பாவாடையோடு, வேலையைப் போட்டது போட்டபடி வந்த பெண்கள். டொறத்தி நடுவில். யூஜீனியாவின் புருஷன் சாள்ஸ் அண்ணன் சுவரோடு சாய்ந்து நின்றார். வேறு நாளென்றால் என்னைக் கண்டவுடன் "வா தங்கச்சி" என்று கூப்பிடுகிற மனிதர். அன்றைக்குக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"எதுக்கு வந்தாய்?" என்றாள் டொறத்தி. "செத்திட்டாவோ எண்டு பாக்கவா?"

அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். யாரோ என் துப்பட்டியைப் பிடித்து இழுத்தார்கள், அது அவர்கள் கையோடு போனது.

யூஜீனியா கட்டிலில் சேலைன் ஏறிக்கொண்டு கிடந்தாள். கறுத்த பெண், அன்றைக்குச் சாம்பல் நிறமாக இருந்தாள். கண் திறந்திருந்தது. டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை, நாடியைப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்து நின்றாள். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் என் போத்தல் இருந்தது.

அந்தப் போத்தலின் லேபலைப் பற்றிச் சொல்லவேண்டும். போன வருஷம் சிபானா அடித்தது. பத்தொன்பது வயது, எல்லாம் தெரிந்த வயது. தமிழில் நன்னாரி, சிங்களத்தில் இரமுசு, அவற்றுக்குக் கீழே பெரிய எழுத்தில் இங்கிலீசில் சார்சபரில்லா. "அதென்ன சனியன் பேர்?" என்று கேட்டேன். கற்பிட்டிப் பக்கத்து ஹோட்டல்களுக்கு வருகிற வெள்ளைக்காரருக்கு இந்தப் பேர்தான் விளங்குமாம். உண்மையான சார்சபரில்லா கடலுக்கு அங்கால், அமெரிக்கக் காட்டில் வளர்கிற முள்ளுக்கொடியாம். ஸ்பானியாக்காரன் வைத்த பேராம். நம்முடைய வேரும் அதே வேலைக்கு ஆகும் என்று இங்கிலீசுக்காரன் அந்தப் பேரையே இதற்கும் ஒட்டிவிட்டானாம். "அப்ப வெளியில எழுதியிருக்கிறது ஒண்டு, உள்ளுக்க இருக்கிறது இன்னொண்டு" என்றேன். "எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறாங்க உம்மா" என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்க்க வடிவாக இருந்தது, ஒட்டவிட்டேன்.

டொக்டர் அந்த லேபலை வாசித்துத்தான் போத்தலைத் தள்ளி வைத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். வராந்தாவில் நின்றவர்கள் போத்தலைக் கொண்டு வந்து கொடுத்து இதற்குள்தான் மருந்து என்று கத்தியிருக்கிறார்கள். யூஜீனியாவோ, வாந்தி எடுக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில், இது வெறும் நன்னாரி, வருஷா வருஷம் குடிக்கிறேன், நேற்றைய மீன்தான் பழுது என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். குடித்த ஆளே சொல்கிறது, லேபலும் சொல்கிறது. வேறு என்ன செய்ய?

யூஜீனியா என்னைக் கண்டாள். தலையை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தாள். சொல்லாதே என்று அர்த்தம். பத்து வருஷம் பற்றைக்குள் அவளோடு குந்தியிருந்தவளுக்கு அது விளங்காதா?

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கதவு முழுக்க முகம். நான் சொல்லப்போகிற ஒரு வசனம் டொறத்தி காலையில் சொன்னதை உண்மையாக்கும். அதற்குப் பிறகு எங்கள் ஆட்களின் எந்த வீட்டுக்குக் கல் விழும், எந்தக் கடை எரியும் என்று யாருக்குத் தெரியும்? மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிந்து இரண்டு கிழமையும் ஆகவில்லை. தில்லையடியில் என் மகள் தனியே நிற்கிறாள். சொல்லாவிட்டால் இவள் போய்விடுவாள். அப்படி யோசித்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது யோசிக்க எங்கே நேரம்? அவளுடைய கையைப் பிடித்தேன். குளிர்ந்து கிடந்தது.

போத்தலை எடுத்து டொக்டரின் கையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். இதில் எழுதியிருப்பது இதற்குள் இல்லை. இரமுசு என்று நினைத்து வேறொரு வேரையும் சேர்த்துக் காய்ச்சிவிட்டேன். அது வஸ. நான்தான் காய்ச்சினேன். என் ஆடு செத்துவிட்டது.

வஸ. நஞ்சுக்குச் சிங்களத்தில் இரண்டெழுத்துச் சொல். அந்த வராந்தாவில் அது விளங்காத ஆள் ஒருவரும் இல்லை.

டொக்டர் என் முகத்தைப் பார்த்தாள். பால் வருகிற கொடியா என்று கேட்டாள். ஓம் என்றேன். ஊதாப் பூவா? ஓம். அலரி விதை தின்றவர்களுக்கு வருகிற நாடி மாதிரித்தான் இருக்கிறது என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். பிறகு நடக்கவேண்டியது எல்லாம் ஓட்டமாக நடந்தது. கரியைக் கரைத்துக் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைப்பு எடுத்து அம்புலன்ஸைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள்.

எனக்கு நடந்தது வராந்தாவில். முதல் அடி டொறத்தியுடையது. அடுத்தவை யாருடையவை என்று தெரியாது, கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது மட்டும் தெரியும். நான் தடுக்கவில்லை. ஸலாஹுதீன் குறுக்கே வந்து சில அடிகளை வாங்கிக்கொண்டார். கடைசியில் சாள்ஸ் அண்ணன்தான், "விடுங்க, விடுங்க, இவள் வந்து சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று எல்லோரையும் பிடித்து விலக்கினார். விலக்கிவிட்டு என்னிடம் திரும்பி, "இனி என்ர வாசலுக்கு வந்திடாத" என்றார்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யூஜீனியாவின் வாயைச் சுற்றிக் கரி. வாசற்படியில் சில்லுச் சிக்கி ஒரு நிமிஷம் நின்றது. நான் குனிந்தேன்.

"முதல் மிடறிலயே கைச்சுது" என்றாள், சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. "சீனி காணாது எண்டு நினைச்சன்."

"துப்பியிருக்கலாமேடி. பிறகும் ஏன் குடிச்ச?"

"அவளுகள் பாத்துக்கொண்டு நிண்டாளுகள்."

சில்லை இழுத்தெடுத்தார்கள். கதவு மூடியது. ஓட்டோவில் அந்த அம்புலன்ஸின் பின்னால் போனோம், போகப் போக அது சின்னதாகி மறைந்துவிட்டது. ஏதோவொரு பள்ளியில் மஹ்ரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். ஸலாஹுதீன் ஓரமாக நிறுத்தித் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். உதடு கிழிந்திருந்ததால் எரிந்தது. குடித்தேன். நாக்கில் அந்தக் கைப்பு அப்படியே இருந்தது.

ஒன்பது போத்தலும் திரும்பி வந்திருந்தன. ஒன்றிலும் மூடி திறந்திருக்கவில்லை. சிபானா எல்லாவற்றையும் குழி தோண்டி ஊற்றிவிட்டு, லேபல்களை உரித்து எரித்திருந்தாள். நான் சொல்லாமலே செய்தாள்.

மறுநாள் காலையில் பொலீஸ் வந்தது. எதிர்பார்த்ததுதான். என்னை நிலையத்துக்குக் கொண்டுபோய் உட்காரவைத்துக் கேட்டார்கள்: எந்தக் காட்டில் கிண்டினாய், எதற்குத் தனியாகப் போனாய், யார் சொல்லிச் செய்தாய், யார் யாருக்குக் கொடுத்தாய். என்னைப் படம் பிடித்தவன் அந்தப் படத்தையும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அதில் நானே என்னைக் கண்டு பயந்தேன். கறுப்பு அபாயா, மண்வெட்டி, குழி. இதைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நான் உள்ளதைச் சொன்னேன். உள்ளது எனக்கே பொய் போலக் கேட்டது. நோன்பென்பதால் வேரைக் கடிக்கவில்லை என்றபோது எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கு முழுநாளும் அங்கேயே இருந்தேன். வீட்டுக்குப் போகமாட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் நிலையத்துப் பெரியவர் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள். யூஜீனியாவுக்கு நினைவு தெளிந்து வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். வேரைப் பொறுக்கியது தான்தான் என்றாளாம். பாலாவிக் காட்டில் ரம்ஸியாவோடு தானும் நின்றாளாம், மர நிழலில் இருந்ததால் படத்தில் விழவில்லையாம். வேர் ஒவ்வொன்றையும் கடித்துப் பார்த்து எடுத்தது தன் வாய்தானாம், தடிமன் பிடித்து நாக்குச் செத்திருந்ததால் கைப்புத் தெரியாமல் போய்விட்டதாம், ரம்ஸியா வெறுமனே காய்ச்சினவள் மட்டும்தானாம்.

"அப்பிடியா?" என்று கேட்டார்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பெரிய உண்மையை வராந்தாவில் சொன்னவள், இந்தச் சின்னப் பொய்க்கு முன்னால் ஊமையாக நின்றேன். வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போகவேண்டும் என்றும் இருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

யூஜீனியா பிழைத்தாள். பதினோராம் நாள் வீட்டுக்குப் போனாள் என்று றொபி சொன்னான். நான் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் போனேன், இரண்டு தரமும் சாள்ஸ் அண்ணன் வாசலில் நின்றார். அழைப்பு எடுத்தால் அந்த நம்பரே இப்போது பாவனையில் இல்லை. பெருநாள் வந்தது, போனது. எங்கள் தெருவில் ஒருவரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என் வீட்டுத் தேத்தண்ணியை யாரும் முழுக்கக் குடிப்பதுமில்லை. நானும் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உயிரோடு இருக்கிறவளைப் பார்க்க முடியாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று அந்த வருஷம் படித்தேன். அவள் செத்திருந்தால் கத்தமாவது ஓதியிருப்பேன் என்று ஒரு நாள் நினைத்துவிட்டு, நினைத்த வாயில் நானே அறைந்துகொண்டேன்.

அடுத்த நோன்புக்கு ஊரே பூட்டிக் கிடந்தது. கொரோனா ஊரடங்கு. பள்ளி பூட்டு, கடை பூட்டு, மீன் லொறி மட்டும் பாஸோடு ஓடியது. நோன்பு ஐந்து என்று நினைக்கிறேன், றொபி வாசலில் நின்று ஹோர்ன் அடித்தான். முகக்கவசத்துக்கு மேலால் கண் சிரித்தது. பழைய சாக்கொன்றைப் படியில் வைத்தான்.

"ஆர் தந்தது?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"ஒண்டும் சொல்லத் தேவையில்ல எண்டு சொன்னாங்க" என்றான். ஏறிப் போய்விட்டான்.

சாக்கை அடுப்படிக்கு இழுத்துப் போய்க் கொட்டினேன். மண் உதறி, ஒரே அளவாக நறுக்கிய நன்னாரி வேர். வீடெல்லாம் மணந்தது. நான் மணத்தை நம்பவில்லை. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியில் பல்லடையாளம். அடுத்ததிலும் பல்லடையாளம். முன்பல்லில் ஒன்று அவளுக்குச் சற்று வெளியே தள்ளியிருக்கும், அந்த வளைவும் அப்படியே பதிந்திருந்தது. தரையில் சப்பணம் கட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எடுக்க எடுக்க அழுகை வந்தது, இந்த முறை மூச்சும் இருந்தது, நன்றாக அழுதேன். சிபானா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அத்தனை வேரிலும் ஒரே ஒரு வேரில் பல்லடையாளம் இல்லை. கைமறதியாக விழுந்திருக்கும். நல்ல தடித்த வேர், நன்னாரி என்றுதான் நினைக்கிறேன். நாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் நான் அதைக் கடிக்கவில்லை. பின்வளவில், புது ஆடு எட்டாத இடத்தில், குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து அண்டாவை நிமிர்த்தினேன்.